பின்சீட்டுக் குரல்

வேனைக் கழுவும்போது டிரைவர் அண்ணன் பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். முன்கண்ணாடியில் பறவை எச்சம் காய்ந்து கிடந்தாலும் அது காத்திருக்க வேண்டும். பின்கதவில் நீல எழுத்தில் பள்ளியின் பெயர். அதற்குக் கீழே சிவப்பில், ‘பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி’. அந்த வரிக்கு மட்டும் தனித் துணி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் ‘தேர்ச்சி’யின் கொம்பு உரிந்துபோனது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. தானே பெயின்ட் வாங்கிவந்து, குச்சியில் பஞ்சு சுற்றி, அரை நாள் குந்தி உட்கார்ந்து சரிசெய்தார்.

“வண்டி முன்னாடி எப்படி இருந்தா என்ன தம்பி? நம்ம பின்னாடி வர்றவன்தானே படிப்பான்” என்பார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே அவர், அவர் மனைவி, பத்தாவது படிக்கும் ஒரே மகள். அவர் மனைவியை நான் அக்கா என்பேன்; அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மகளை வீட்டில் பாப்பா என்றார்கள். வேனில் வரும் பிள்ளைகளுக்கு அவள் பெரியக்கா.

வேனின் முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில், முன்பு என் மனைவி உட்கார்ந்து போவாள். அவள் அலுவலகம் பள்ளிக்குப் போகிற வழியில், பெரிய சிக்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் இறந்து சில வாரம் கழித்து ஒரு காலை கீழே ஹாரன் அடித்தது. சன்னலுக்கு வந்தேன்.

“ஏறுங்க தம்பி. சீட்டு காலியாத்தான் போகுது.”

ஏறினேன். அதன் பிறகு தினமும் சிக்னல் வரை அதில்தான் போனேன்.

பாப்பா மாணவியாக அந்த வண்டியில் வந்தாள் என்று சொல்ல முடியாது. அவள் தோளில் புத்தகப்பை ஒன்று, கையில் துணிப்பை ஒன்று. துணிப்பையில் எலுமிச்சம்பழம், பழைய பேப்பர், ஊக்கு, யாருக்காவது நனைந்தால் மாற்ற ஒரு ஜோடி சாக்ஸ். ஒவ்வொரு வீட்டின் முன்னும் பக்கவாட்டுக் கதவைக் கிறீச்சென்று இழுப்பாள். முதலில் பை உள்ளே போகும், அப்புறம் பிள்ளை. அழுகிற பிள்ளையை அவள் சமாதானம் செய்து நான் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு வேலை கொடுப்பாள். “டேய், இந்தத் தண்ணி பாட்டில கொஞ்சம் பிடி, எனக்குக் கை வலிக்குது” என்பாள். அழுகிறவன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுவான். இரண்டு தெரு தாண்டினால் பாட்டிலை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பான்.

கடைசியாக ஏறுகிறவள் ஒன்றாம் வகுப்புச் சிறுமி. பள்ளிக்கு வந்து இரண்டாவது வருடம், ஒரு டீச்சரும் அவள் குரலைக் கேட்டதில்லை. வீட்டில் அம்மாவிடம் மட்டும் ஏதோ முணுமுணுப்பாளாம். பள்ளியில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். வைத்தது பிள்ளைகளில்லை, டீச்சர்கள். பாப்பா அவளை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, அவளோடு கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்வாள். பின்னாலிருந்து மெல்லிய குரல் வரும்.

“போலாம்!”

அண்ணன் கியரைப் போடுவார். “கழுத வயசாச்சு, கொழந்த மாதிரி கொரல மாத்திக் கத்துறதப் பாருங்க” என்பார் என்னிடம். அவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். நான் பார்த்து ஒரு நாளும் அந்தக் குரல் கேட்காமல் அவர் அந்த வீட்டு முன்னாலிருந்து வண்டியை எடுத்ததில்லை.

பாப்பாவைப் பற்றி இன்னொன்று. என் மனைவி இறந்த பிறகு, மாலையில் என் கதவுக்கு வெளியே படியில் ஒரு டம்ளர் டீ இருக்கும். தட்டமாட்டாள், கூப்பிடமாட்டாள். இருட்டுவதற்குள் வந்து டம்ளரை எடுத்துப் போவாள். குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் ஒன்றும் கேட்கமாட்டாள். நான் அப்போது யாரிடமும் பேசுவதில்லை. ஒரு மாலை கதவைத் திறந்து, “சர்க்கரை ஜாஸ்தி” என்றேன். “சரிண்ணா” என்று இறங்கிப் போனாள். மறுநாள் சர்க்கரை குறைவாக இருந்தது.

அரையாண்டுத் தேர்வில் அவள் கணக்கிலும் அறிவியலிலும் தேறவில்லை. அதற்கு முந்தைய தேர்விலும் அப்படித்தான்.

ஜனவரியில் ஒரு மாலை, அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், இரண்டு படி மேலே டீ டம்ளரோடு நான். சட்டையைக்கூட மாற்றவில்லை. அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சலவைச் சோடாவில் அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து ஊறிக் கிடக்கும். பாப்பா உள்ளே யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கி பெரிய மேடம் ரூமுக்குக் கூப்பிட்டாங்க” என்றார் பொதுவாக.

“என்ன, வண்டியில எவனாவது வாந்தி எடுத்துட்டானா?” என்றாள் அக்கா.

“அதில்ல. சேர்ல உக்காரச் சொன்னாங்க. டீ குடுத்தாங்க. அவங்க குடிக்கிற கப்புலயே.”

அக்கா துண்டை இறக்கினாள். “சேர்லயா? இத்தன வருஷம் இல்லாத சேரு இன்னிக்கி எங்கேர்ந்து வந்துச்சு?”

“கேளேன். பாப்பா விஷயம்தான். இந்த வருஷம் பரிட்சை எழுத வேணாம்னு சொல்றாங்க. இப்போதைக்கி நிறுத்திட்டு, அடுத்த வருஷம் தனியா எழுதட்டும்னு.”

“எழுதினா?”

“எழுதினா ஃபெயிலாயிடுவா. ஒருத்தி ஃபெயிலானா நூறு போயிடும். நூறு போச்சுன்னா ஜூன்ல அட்மிஷன் இல்ல. மேனேஜ்மென்ட் அவங்க கழுத்தப் பிடிக்குது. பாவம், அவங்களும் என்ன பண்ணுவாங்க?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

“இன்னும் நாலு பேரு இருக்காங்களாம். அவங்க அப்பா அம்மாகிட்ட பேசணும். ‘நீங்க நம்ம ஆளு. நீங்களே ஒத்துக்கலேன்னா மத்தவங்ககிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிகிட்டுக் கேப்பேன்’னு சொன்னாங்க. ‘நம்ம வண்டியில எழுதியிருக்கறத நாமே பொய்யாக்கலாமா’ன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.”

“சரின்னு சொல்லிட்டேன்.”

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். “அப்ப சரி. ஒரு சேருக்கும் ஒரு கப்பு டீக்கும் பொண்ணக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. நல்ல வேள, பிஸ்கட் வைக்கல. வச்சிருந்தா என்னையும் சேத்துக் குடுத்திருப்பீங்க.”

“ஏய், அவ நல்லதுக்குத்தான்…”

“அவ நல்லதா? அந்தச் செவப்பு எழுத்து நல்லதா? பெத்த பொண்ணுக்கு ஒரு நாள் தல வாரி விட்டிருக்கீங்களா? அதுக்கு மட்டும் தெனமும் குளிப்பாட்டிப் பொட்டு வைக்காத கொறதான்.”

உள்ளே தேய்ப்புப் பெட்டியின் சுவிட்ச் டக்கென்று அணைந்தது. பாப்பா வாசலுக்கு வந்தாள். கையில் யூனிஃபார்ம் சட்டை. ஒரு கை மட்டும் தேய்த்திருந்தது.

“அப்ப நாளைக்கே வேணாமாப்பா?”

“திங்கக்கிழமையிலேர்ந்து…” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்கே இருந்தாலும் ஒண்ணுதான்” என்றார்.

அவள் சட்டையை மடித்தாள். தேய்த்த கையை உள்ளே வைத்து மடித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எலுமிச்சம்பழம் பையில இருக்குப்பா. முட்டக்கண்ணனுக்குப் பாலம் ஏர்றதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க. ஏறுனப்புறம் குடுத்தா வேஸ்ட்டு. ரெட்டையங்கள ஒரே சீட்டுல போடாதீங்க, கடிச்சிக்குவாங்க. பச்ச கேட்டு வீட்டுப் பாப்பாவுக்குச் செருப்பு எப்பவும் மாறித்தான் இருக்கும். மாத்தி விடுங்க.”

“சரிம்மா.”

“பூட்டுகிட்ட மட்டும் எதுவும் கேக்காதீங்க.”

“அதுகிட்ட என்னத்தக் கேக்குறது? கேட்டா மட்டும் சொல்லிடுமா?” என்று அவர் சிரிக்கப் பார்த்தார்.

மறுநாள் காலை துணிப்பை என் மடியில் இருந்தது.

பெரியக்கா எங்கே என்று ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் கேட்டார்கள். “காய்ச்சல்” என்றார் அண்ணன். மறுநாளும் காய்ச்சல். மூன்றாம் நாள் பச்சை கேட்டுப் பெண், “மாத்திர போடலயா மாமா?” என்றாள். அன்றிலிருந்து அவர் பதிலே சொல்வதில்லை.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரே இறங்கினார், கதவை இழுத்தார், பிள்ளையைத் தூக்கிப் போட்டார், பையைப் போட மறந்தார், மறுபடி இறங்கினார். எலுமிச்சம்பழம் பாலத்தின் நடுவில்தான் நினைவுக்கு வந்தது. வாந்தியின் மேல் பேப்பரைப் போட்டு நானே துடைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. சன்னலைச் சாத்தினால் நாற்றம், திறந்தால் சாரல். இரட்டையரில் ஒருவன் மற்றவன் காதைக் கடித்துவிட்டான். பள்ளி மணி அடித்த பிறகுதான் வண்டி போய்ச் சேர்ந்தது. அப்படித் தாமதமானது அவர் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவையாம்.

அந்த முதல் நாள் பூட்டு கதவருகில் வந்து, உள்ளே பார்த்து, அப்படியே நின்றாள். அவள் அம்மா பின்னாலிருந்து தள்ளினாள். ஏறி, கடைசி சீட்டில், சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்து, கியரில் கை வைத்தபடி இருந்தார். என்ன என்று பார்த்தேன். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. திடுக்கிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த நாளும் அதே போல் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

மற்ற நான்கு பேரின் பெற்றோரும் ஒத்துக்கொண்டார்கள். ‘டிரைவரே ஒத்துக்கிட்டார்’ என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவர் டீக்கடையில் எல்லார் முன்னாலும், “நீ காட்டுன வழிப்பா, நல்லா இரு” என்றாராம். அதை வீட்டில் சொன்னபோது அக்கா தட்டை நங்கென்று வைத்தாள்.

பாப்பா அம்மாவோடு சலவைக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு தடவை அக்காவிடம் சாவி வாங்க அங்கே போனேன். ஆவி பறக்கும் நீள அறை. போர்வையின் இரண்டு முனையை அம்மா பிடிக்க, இரண்டு முனையை மகள் பிடித்து, உதறி, எட்டு வைத்து நெருங்கி வந்து மடித்தார்கள். நெருங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாப்பாவின் விரல் நுனியும் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மழை விட்டிருந்தது. படிக்கட்டில் எல்லோரும் இருந்தோம். அக்கா அவித்த முட்டைகளை உரித்துத் தட்டில் போட்டாள். அண்ணன் மகளோடு பேச்சுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே தேடிக்கொண்டிருந்தார்.

“நீ இல்லாம ‘போலாம்’ சொல்ல ஆளில்லம்மா வண்டியில. நான் பாட்டுக்கு மாடு மாதிரி நிக்கிறேன். பின்னாடி வர்றவனெல்லாம் திட்டுறான்.”

பாப்பா முட்டையில் மிளகுத்தூள் தூவிக்கொண்டிருந்தாள். “நான் எங்கப்பா சொன்னேன்?”

“பின்ன?”

“பூட்டுதான் சொல்லுவா.”

அவர் சிரித்தார். “யாரு, பூட்டா? போடி.”

“நெசமாப்பா.”

“அது வாயே தொறக்காது.”

“எல்லாரும் பாத்தா தொறக்க மாட்டா. மொதல்ல கதவ அவளத்தான் சாத்தச் சொன்னேன். சாத்திட்டுத் தகரத்துல ரெண்டு தட்டுத் தட்டச் சொன்னேன், கண்டக்டர் மாதிரி. தட்டுனா நீங்க வண்டிய எடுத்தீங்க. அவளுக்கு அது பிடிச்சிப் போச்சு. தான் தட்டுனாத்தான் வண்டி போகுதுன்னு. ஒரு வருஷம் தட்டிகிட்டே இருந்தா. அப்புறம் ஒரு நாள் நான் காதப் பொத்திகிட்டு, ‘தட்டுனது கேக்கலயே’ன்னேன். ‘போலாம்’னா.”

அக்காவின் கையில் பாதி உரித்த முட்டை அப்படியே இருந்தது.

“ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பீங்க. மேடத்த வேற கூட்டிட்டு வந்து பேசச் சொல்லிக் காட்டுவீங்க. அப்புறம் அவ வாயவே தொறக்க மாட்டா.” முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். “அவள வீட்டுல கூப்பிடற பேரு, அவங்க நாய்க்குட்டி பேரெல்லாம்கூடச் சொல்லுவா. மெதுவா. காதுல.”

அண்ணன் எழுந்து வண்டியருகே போனார். கதவைத் திறந்து கடைசி சீட்டைப் பார்த்தபடி நின்றார்.

திங்கட்கிழமை என்னையும் பள்ளிக்குக் கூப்பிட்டார். “நீங்க படிச்சவரு. பக்கத்துல இருந்தா எனக்குப் பேச்சு வரும்.” அரை நாள் விடுப்பு போட்டேன். பக்கத்தில் இருந்தேனே தவிர, பேசியது முழுக்க அவர்தான்.

வராந்தாவில் வருடா வருடம் முதலிடம் வந்தவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. தலைமையாசிரியை களைத்த முகத்தோடு இருந்தாள். நாற்காலியைக் காட்டினாள். அண்ணன் உட்காரவில்லை.

“மேடம், பூட்டு பேசுது மேடம்.”

“எந்தப் பூட்டு?” என்றவளுக்குப் பிறகு புரிந்தது. “யார் சொன்னது?”

“என் பொண்ணு பேச வச்சிருக்கு. வண்டியில.”

“டிரைவர், ரெண்டு வருஷமா கிளாஸ் டீச்சர் பாத்தாங்க. டாக்டர் பாத்தாங்க. நானே சாக்லெட் குடுத்து மடியில உக்கார வச்சுக் கேட்டேன். வாயத் தொறக்கல. நீங்க கேட்டீங்களா அது பேசி?”

“கேட்டேன் மேடம். தெனமும் கேட்டேன்.”

“தெனமுமா? அப்புறம் ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எம் பொண்ணு கொரல்னு நெனச்சிட்டேன்.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே எங்கோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

“உங்க பொண்ணு கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைங்க அவ பின்னாடி சுத்துறத நான் பாத்திருக்கேன். ஆனா அத நான் எதுல கொண்டுபோய்க் காட்டுறது, சொல்லுங்க. மார்ச்ல யாரு என்கிட்ட அதக் கேப்பாங்க?”

“அவ திரும்பி வரட்டும் மேடம். பெயிலானா ஆகட்டும். வண்டியில இருக்கற எழுத்த நானே அழிச்சிடறேன்.”

“பரிட்சைக்குப் பேரெல்லாம் அனுப்பியாச்சு. இனிமே சேக்க முடியாது.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தக் குழந்தைய வேற ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாத்தச் சொல்லி அவங்க அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. அங்க சேத்துட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமதான் அதுக்கு இங்க கடைசி நாள்.”

“பேசற பிள்ளைய எதுக்கு மேடம் அங்க அனுப்பணும்?”

“நீங்க ஒரு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருந்தா…” என்றாள். அவளைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

படிகளில் இறங்கும்போது, “ஒரு மாசம் முன்னாடி இங்கதான் தம்பி டீ குடிச்சேன்” என்றார்.

வியாழக்கிழமை மாலை மகளிடம் கேட்டார். நேராகக் கேட்கவில்லை. டயரில் காற்று குறைகிறது என்றார், மழை மறுபடி வரும் என்றார், பிறகு, “நாளைக்கி ஒரு நாள் வண்டியில வர்றியாம்மா? பூட்டுக்குக் கடைசி நாளு” என்றார்.

“என்ன போட்டுகிட்டுப்பா வர்றது? யூனிஃபார்ம் போட முடியாது. பிள்ளைங்க கேக்கும்.”

“எதையாவது போட்டுகிட்டுப் போடி” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. “உன் துணியவா அது பாக்கப் போகுது? நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் வண்டியைக் கழுவவில்லை. பின்பக்கம் முழுக்கச் சேறு தெறித்து, சிவப்பு எழுத்தில் பாதி தெரியவில்லை. துணிப்பை பாப்பாவின் கையில் இருந்தது. அவள் பழைய கத்திரிப்பூ நிற உடையில் இருந்தாள். பிள்ளைகள் ஏறும்போதே கூச்சல். “காய்ச்சல் போயிடுச்சா அக்கா?” “போயிடுச்சுடா.” “இனிமே வருவியா?” “செருப்ப மாத்திப் போடுடி மொதல்ல.” முட்டைக்கண்ணன் பாலத்துக்கு முன்னாலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டான். அந்த வண்டியில் அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

பூட்டின் வீட்டு முன்னால் நின்றது. அவள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பாப்பா கதவை இழுத்துத் திறந்தாள். சிறுமி அவளைப் பார்த்தாள். கத்திரிப்பூ நிற உடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஓடி வரவில்லை. யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி ஏறுவது போல மெதுவாக ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பாப்பா கதவைச் சாத்தி, பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அண்ணன் கை கியரில் இருந்தது. இன்னொரு கையால் உள்கண்ணாடியை மேலே திருப்பினார். அதில் இப்போது கூரை மட்டும் தெரிந்தது.

“திரும்பாதீங்க தம்பி” என்றார் மெதுவாக.

நான் சாலையைப் பார்த்தபடி இருந்தேன். பிள்ளைகளின் பேச்சும் ஏனோ அடங்கியிருந்தது. ஒரு சைக்கிள் கடந்து போனது. பால்காரர் கேட்டைத் திறந்து, மூடி, போனார். பின்னால் கார் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் எடுத்திருக்கமாட்டார்.

“கேக்கலயே” என்றாள் பாப்பா பின்னாலிருந்து. விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

பிறகு தகரத்தில், சின்னக் கை தட்டுகிற சத்தம். டொக். டொக்.

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

சிக்னல் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கக் கதவைத் திறந்தேன்.

“தட்டுறதுலேர்ந்து வார்த்தைக்கு வர எவ்ளோ நாளாச்சுன்னு சொன்னா பாப்பா?”

“ஒரு வருஷம்னு சொன்னா அண்ணே.”

“ம்.” கண்ணாடியை அவர் இன்னும் திருப்பவில்லை. “இன்னிக்கிச் சாயங்காலம் கொண்டுபோய் விட்டா, அப்புறம் அந்த வீட்டு முன்னாடி நிறுத்த வேண்டியதில்ல.”

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. பின்சன்னலில், சேற்றுக்கு மேலே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன. பெரிய தலை சாய்ந்து, காதைக் கீழே கொடுத்துக் காத்திருந்தது. சின்னத் தலை நேராகவே இருந்தது.